இந்தக் குட்டி எவ்வளவு பெரிதாகும்?

தெருவோரம் கிடைத்த குட்டியையோ, தெரிந்தவர் வீட்டில் ஈன்ற கலப்பினக் குட்டியையோ தூக்கிக்கொண்டு வருபவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். இது எவ்வளவு பெரிதாக வளரும்? பதில் சொல்ல அக்கம்பக்கத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஒருவர் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்து, பாதம் தடியாக இருக்கிறது, நன்றாக வளரும் என்பார். இன்னொருவர் காதையும் நிறத்தையும் பார்த்து, இதில் ஜெர்மன் ஷெப்பர்டு கலந்திருக்கிறது என்பார். மூன்றாமவர் எடையைக் கேட்டு அதை ஓர் எண்ணால் பெருக்கி விடை தருவார். மூன்று பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றும் தடுக்கி விழும் இடமும் ஒன்றே. வளர்ச்சி மாதக்கணக்கில் நடக்கும் ஒன்று. இவர்களோ அதை ஒரு நாளின் தோற்றத்திலிருந்து படித்துவிடப் பார்க்கிறார்கள். ஒரு குட்டியின் முழு அளவை அறிய நம்மிடம் உள்ள சிறந்த சான்று, அது வாரா வாரம் எவ்வளவு எடை கூடுகிறது, அந்த வேகம் எப்படித் தணிகிறது என்பதுதான். அப்படிப் பார்த்தாலும் நேர்மையான விடை ஒற்றை எண்ணாக வராது. நாள் செல்லச் செல்லக் குறுகும் ஒரு வரம்பாகவே வரும். இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிறப்பிலிருந்து தொடங்கலாம். சிவாவா இனக் குட்டி பிறக்கும்போது 100 முதல் 150 கிராம் இருக்கும். கிரேட் டேன் குட்டி சுமார் 600 கிராம் இருக்கும். இரண்டுக்கும் ஏறத்தாழ 5 மடங்கு வித்தியாசம். வளர்ந்து முடிந்தபின் சிவாவா 2 அல்லது 3 கிலோவில் நின்றுவிடும், கிரேட் டேன் 60 கிலோவைத் தொடும். வித்தியாசம் 20 மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. ஆகவே பெரிய நாய்க்கும் சிறிய நாய்க்கும் இடையிலான வேறுபாட்டில் பெரும்பங்கு கருப்பையில் உருவாவதில்லை. பிறந்த பிறகுதான் உருவாகிறது. சிறிய இனக் குட்டி தன் பிறப்பெடையைப் போல் சுமார் 20 மடங்கு வளர்ந்தால் போதும், பெரிய இனக் குட்டியோ 100 மடங்கு வளர வேண்டும். பிறப்பெடையில் தாயின் உடலளவுக்கும் பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் ஆகிய இருவரும் 1938-ல் வெளியிட்ட குதிரை ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பாரவண்டி இழுக்கும் ஷயர் இனத்தையும் குள்ளமான ஷெட்லண்ட் இனத்தையும் இரு திசையிலும் கலந்தபோது, ஷயர் தாயின் வயிற்றில் பிறந்த குட்டி, ஷெட்லண்ட் தாயின் வயிற்றில் பிறந்ததைவிட ஏறக்குறைய 3 மடங்கு எடையுடன் இருந்தது. மரபுக் கலவை இரண்டிலும் ஒன்றே. இடம் கொடுத்த கருப்பைதான் வேறு. நாயிலோ ஒரே ஈற்றில் எத்தனை குட்டிகள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. 9 குட்டிகளோடு பிறந்த சவலைக் குட்டி பிறகு வளர்ந்து உடன்பிறந்தவற்றை எட்டிப் பிடிப்பது அரிதல்ல. பிறந்த நாள் எடையை வைத்து எதிர்காலம் சொல்வது அதனால்தான் பலிப்பதில்லை.

பிறந்தபின் முதல் வாரங்களின் வேகம் வியப்பூட்டுவது. நலமான குட்டி 7 முதல் 10 நாட்களுக்குள் பிறப்பெடையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. இரண்டாம் வாரத்தில் கண் திறக்கிறது, அதைத் தொடர்ந்து காதும் திறக்கிறது. மூன்றாம் வாரத்திலிருந்து பால்பற்கள் முளைத்து 28 ஆகின்றன. நான்காம் மாதம் வாக்கில் அவை விழத் தொடங்கி, 7 மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடுகின்றன. பற்களின் இந்தக் கால அட்டவணை சிறிய நாய்க்கும் பெரிய நாய்க்கும் பெரிதாக மாறுவதில்லை. பிறந்த தேதி தெரியாத குட்டியின் வயதைக் கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்துக் கணிப்பது இதனால்தான். எலும்பின் கால அட்டவணை அப்படியல்ல. கால் எலும்புகளின் இரு முனைகளிலும் குருத்தெலும்பாலான மெல்லிய வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. அங்குள்ள செல்கள் பெருகிப் பருத்து, பின்பு எலும்பாக இறுகும்போது எலும்பு நீள்கிறது. பருவமடையும்போது சுரக்கும் பாலின ஹார்மோன்கள் இந்தத் தட்டுகளை மூடச் செய்கின்றன. மூடியபின் உயரம் கூடாது. சிறிய நாய்கள் 9 அல்லது 10 மாதத்தில் முழு எடையை நெருங்கிவிடுகின்றன. நடுத்தர நாய்களுக்கு ஓராண்டு ஆகும். பெரிய நாய்கள் 15 மாதம் வரையிலும், மிகப் பெரிய இனங்கள் ஒன்றரை முதல் 2 ஆண்டு வரையிலும் வளர்கின்றன. பெரிய நாய் நாளொன்றுக்கு அதிகமாகவும் வளர்கிறது, அதிக நாட்களும் வளர்கிறது.

இனி பாதத்துக்கு வருவோம். பாதத்தைப் பார்ப்பது வெறும் மூடநம்பிக்கை இல்லை. குட்டிப் பருவத்தில் காலும் பாதமும் உடலை முந்திக்கொண்டு வளர்கின்றன. உடலோடு ஒப்பிட்டால் பாதம் பெரிதாகத் தெரியும் குட்டிக்கு இன்னும் வளர்ச்சி பாக்கி இருக்கிறது என்பது பெரும்பாலும் சரியே. ஆனால் எவ்வளவு பாக்கி என்பதைப் பாதம் சொல்லாது. 3 மாதத்தில் எல்லாக் குட்டிகளின் பாதமும் கொஞ்சம் பெரிதாகவே தோன்றும். பாதத்தின் வடிவும் இனத்துக்கு இனம் மாறும். பாசெட் ஹவுண்டின் பாதம் தடியானது, ஆனால் அதன் கால்கள் குட்டையானவை. சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்கள் உயரமானவை, ஆனால் ஒல்லியானவை. இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. ‘பெரிது’ என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதில் உயரமும் எடையும் கலந்து கிடக்கின்றன. உயரமான சிப்பிப்பாறையைவிடக் குட்டையான பாசெட் அதிக எடை இருக்கலாம். வீட்டில் இடம் போதுமா என்று கேட்பவருக்கு உயரம் முக்கியம். தீனி எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று கேட்பவருக்கு எடை முக்கியம். எந்த அளவைக் கேட்கிறோம் என்று தெளிந்துகொள்ளாமல் பாதத்தைப் பார்ப்பதில் பயனில்லை.

அடுத்தது பெருக்கல் வாய்ப்பாடு. எடையை வயதின் வாரங்களால் வகுத்து, வரும் விடையை 52-ஆல் பெருக்கு என்பது பலரும் சொல்லும் கணக்கு. ஓராண்டில் வளர்ச்சி முடிந்துவிடும், அதுவரை ஒவ்வொரு வாரமும் ஒரே அளவு கூடும் என்ற இரண்டு எண்ணங்கள் இதற்குள் ஒளிந்திருக்கின்றன. இரண்டும் தவறு. எந்த நாயும் நேர்கோட்டில் வளர்வதில்லை. குட்டியின் எடையை வரைபடத்தில் வரைந்தால் கோடு முதலில் மேல்நோக்கி வளைந்து, நடுவில் செங்குத்தாக ஏறி, பிறகு சாய்ந்து, கடைசியில் கிடையாகிறது. இந்த வளைவைக் குறிக்க அறிவியலார் பெரும்பாலும் பயன்படுத்துவது காம்பர்ட்ஸ் சமன்பாடு. பெஞ்சமின் காம்பர்ட்ஸ் என்ற ஆங்கிலக் கணிதர் 1825-ல் மனிதரின் இறப்பு விகிதத்தைக் கணக்கிட உருவாக்கியது அது. உயிர்களின் வளர்ச்சிக்கும் பொருந்துவதைப் பின்னர் வந்தவர்கள் கண்டார்கள். இதன்படி குட்டி கிராம் கணக்கில் மிக வேகமாக எடை கூடுவது, தன் முழு எடையில் சுமார் 37 விழுக்காட்டை எட்டும்போது. அதன் பிறகு வாராந்திர எடை கூடுதல் குறைந்துகொண்டே போகும். 4 மாதக் குட்டி பாதி வழியைக் கடந்திருக்கக்கூடும் என்பதை மறந்து 52-ஆல் பெருக்கினால், விடை ஊதிப் பெருத்துத்தான் வரும்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். 16 வார வயதில் சரியாக 6 கிலோ எடையுள்ள இரண்டு குட்டிகளை எண்ணிக்கொள்ளுங்கள். வகுத்துப் பெருக்கும் வாய்ப்பாடு இரண்டுக்கும் 19.5 கிலோ என்று ஒரே விடையைத் தரும். இப்போது அவற்றின் வேகத்தைப் பார்ப்போம். முதல் குட்டி அந்த வாரத்தில் 300 கிராம் கூடியிருக்கிறது, அதாவது தன் எடையில் 5 விழுக்காடு. இரண்டாவது 480 கிராம் கூடியிருக்கிறது, அதாவது 8 விழுக்காடு. காம்பர்ட்ஸ் வளைவில் இந்த விழுக்காடு சீராகத் தேய்ந்துகொண்டே வரும். அது 7 வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், முதல் குட்டி சுமார் 10 கிலோவில் நிற்கும், இரண்டாவது 13 கிலோவைத் தாண்டும். இன்று தராசில் இரண்டும் ஒரே முள்ளைக் காட்டுகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டுவது வேகம் மட்டுமே. எடை என்பது இதுவரை நடந்து முடிந்த வளர்ச்சியின் கூட்டுத்தொகை. இனி எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்வது அந்த வளர்ச்சி இன்று எந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது உண்மையானால், முளையின் உயரத்தில் அல்ல, அது நாளுக்கு நாள் நீளும் விதத்தில் தெரியும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வேகத்தை அவ்வளவு நுட்பமாக அளக்க முடியுமா? மேலே சொன்ன இரு குட்டிகளின் வாரக் கூடுதலுக்கு இடையே உள்ள வித்தியாசம் வெறும் 180 கிராம். குட்டி ஒரு முறை வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாலே அவ்வளவு கூடிவிடும். வயிற்றுப்போக்கு வந்தாலோ, குடற்புழு இருந்தாலோ ஒரு வாரம் எடை ஏறாமலே போகும். ஆட்சேபம் முழுவதும் சரி. அதனால்தான் ஒரு வாரத்து வேகத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஒரே தராசில், ஒரே நேரத்தில், காலையில் தீனி வைக்கும் முன்பு, குறைந்தது 4 அல்லது 5 வாரம் தொடர்ந்து எடை பார்த்துக் குறித்துவந்தால் இந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். போக்கு புலப்படும். கணக்குப் போடத் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. வால்தாம் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் அமெரிக்கக் கால்நடை மருத்துவமனைகளின் பதிவுகளிலிருந்து நலமான நாய்களின் எடைகளைத் தொகுத்து, 12 வாரம் முதல் 2 ஆண்டு வரையிலான வளர்ச்சி அட்டவணைகளை 2017-ல் வெளியிட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே, முழு எடைப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வரைபடம் உண்டு. மனிதக் குழந்தைகளின் எடையைக் குறித்துவைக்கும் அட்டையைப் போன்றதே இது. குட்டியின் புள்ளிகள் எந்தக் கோட்டோடு ஒட்டிச் செல்கின்றன என்று பார்த்தால் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும். 40 கிலோவுக்கு மேல் வளரும் இனங்களுக்கு மட்டும் இவை பொருந்தா.

தோற்றத்தைப் பார்த்து இனத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அளவும் தெரிந்துவிடுமே என்பது அடுத்த வாதம். அனுபவசாலிகள்கூட இதில் தவறுகிறார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவிலும் சான் டியாகோவிலும் உள்ள காப்பகங்களில் 900-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைச் சோதித்து, குன்ட்டர், பார்பர், வின் ஆகியோர் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவற்றில் 125 இனங்களின் தடயம் கிடைத்தது. தூய இன நாய்களோ 5 விழுக்காட்டுக்கும் குறைவு. காப்பக ஊழியர்கள் தோற்றத்தை வைத்துச் சொன்ன இனம், மரபணுவில் இருந்த இனங்களில் ஏதேனும் ஒன்றோடு பொருந்தியது சுமார் 67 விழுக்காடு நாய்களில். ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சரியாகச் சொன்னது சுமார் 10 விழுக்காட்டில்தான். நாள்தோறும் நாய்களோடு பழகுபவர்களின் கணிப்பே இப்படியென்றால் தெருவில் போகிறவரின் கணிப்பை என்னவென்பது? இதற்குக் காரணம் மரபியலில் இருக்கிறது. கண்ணில் படும் அடையாளங்களான நிறம், ரோமம் போன்றவற்றை ஒருசில மரபணுக்களே தீர்மானிக்கின்றன. ரோமத்தின் நீளம், சுருள், மீசை ஆகிய வேறுபாடுகளில் பெரும்பகுதியை 3 மரபணுக்கள் விளக்கிவிடுவதாக 2009-ல் கண்டறியப்பட்டது. உடலளவை ஆள்பவை வேறு மரபணுக்கள். ஒரு குட்டிக்கு ஷெப்பர்டின் நிறம் வந்திருக்கலாம், ஷெப்பர்டின் உயரம் வராமல் போயிருக்கலாம்.

தாயும் தகப்பனும் தெரிந்தால் போதாதா? ஓரளவு போதும், ஒரு கட்டம் வரைக்கும். இரண்டு தூய இனங்களின் முதல் கலப்பில் குட்டிகள் பெரும்பாலும் இரு பெற்றோருக்கும் இடைப்பட்ட அளவில், ஒன்றுக்கொன்று ஒத்து வளர்கின்றன. அந்தக் கலப்பினங்களையே மீண்டும் கலக்கும்போதுதான் சீட்டுக்கட்டைக் கலைத்தாற்போல் ஆகிறது. கார்னெல் மருத்துவக் கல்லூரியின் சார்லஸ் ஸ்டாகார்டு பாசெட், டாக்ஸ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களை நெட்டைக்கால் இனங்களோடு கலந்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அவர் மறைந்தபின் 1941-ல் அந்த ஆய்வு நூலாக வந்தது. முதல் தலைமுறையில் குட்டைக்கால் மேலோங்கியது. அடுத்த தலைமுறையிலோ கால் நீளம் ஒரு பக்கமும் மற்ற உறுப்புகளின் அமைப்பு வேறு பக்கமுமாகப் பிரிந்து, ஒரே ஈற்றில் வெவ்வேறு உருவங்கள் பிறந்தன. இந்தக் குட்டைக்காலுக்குக் காரணம், எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் ஒரு பிரதி தவறிப்போய் வேறிடத்தில் செருகிக்கொண்டதுதான் என்று 2009-ல் தெரியவந்தது. போதாக்குறைக்கு, பெண் நாய் ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் நாய்களோடு சேரும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருக்க முடியும். தெருவில் ஈன்ற தாயைப் பார்க்கலாம், தகப்பனை யாரால் உறுதியாகச் சுட்ட முடியும்? ஒரே தகப்பனுக்குப் பிறந்தாலும் ஆண் குட்டி பெண் குட்டியைவிடச் சற்றுப் பெரிதாகவே வளரும்.

எனவே மரபணுச் சோதனை செய்துவிடலாம் என்பது இன்றைய காலத்தின் வாதம். இருக்கும் வாதங்களில் வலுவானது இதுதான்; அதற்குரிய மதிப்பை அதற்குத் தந்தாக வேண்டும். மனிதரின் உயரத்தோடு 12,111 மரபணு வேறுபாடுகள் தொடர்புடையவை என்று 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கண்டது. நாய்களிலோ இனங்களுக்கு இடையே 40 மடங்கு அளவு வேறுபாடு இருந்தும், அதை ஆளும் முக்கிய மரபணுக்கள் சுமார் 20 தான். கடந்த 200 ஆண்டுகளில் இனப்பெருக்குநர்கள் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் தேடித் தேடிப் பெருக்கியதால், பெரும் விளைவு கொண்ட ஒருசில மரபணுக்களே முன்னுக்கு வந்தன. அவற்றில் தலையாயது ஐஜிஎஃப்1. போர்ச்சுகீசிய வாட்டர் டாக் என்ற நாய் இனத்திலிருந்து தொடங்கி, சிறிய இனங்கள் எல்லாவற்றிலும் இந்த மரபணுவின் ஒரே வடிவம் இருப்பதையும், மிகப் பெரிய இனங்களில் அது ஏறக்குறைய இல்லாததையும் சட்டர், ஆஸ்ட்ராண்டர் குழுவினர் 2007-ல் காட்டினார்கள். குறுமையைத் தரும் வடிவம்தான் ஆதி வடிவம் என்றும், பனியுகத்து ஓநாய்களில் மறைந்தே போகவிருந்த அதை மனிதனின் தேர்வு மீட்டெடுத்தது என்றும் 2022-ல் வந்த ஆய்வு கூறியது. இவ்வளவு முக்கியமான மரபணுவும் இனங்களுக்கு இடையிலான அளவு வேறுபாட்டில் சுமார் 15 விழுக்காட்டைத்தான் விளக்குகிறது. 20 மரபணுக்களையும் சேர்த்துப் படித்தால் கலப்பின நாயின் முழு எடையை நன்றாகவே ஊகிக்கலாம். ஆனால் அதுவும் ஊகமே. குட்டி நோயில் தேய்ந்ததா, எவ்வளவு தீனி தின்றது, எப்போது கருத்தடை ஆனது என்பதை மரபணு அறியாது. சோதனைக்குக் காசு வேண்டும். தராசு எல்லாருக்கும் கைக்கெட்டும். சோதனை செய்தவருக்கும் வாராந்திர எடைக் குறிப்பு தேவைப்படும். குட்டி இறங்க வேண்டிய ஊரை மரபணு சொல்லும். அது வழியில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று எடைக் குறிப்புதான் காட்டும்.

நம் ஊர்த் தெருக் குட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நாட்டு நாயைப் பல சீமை இனங்களின் கலவை என்று பலர் எண்ணுகிறார்கள். இன்று நாம் பெயர் சொல்லி அழைக்கும் மேலை இனங்களில் பெரும்பாலானவை, 1859-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் முதல் நாய்க் கண்காட்சி நடந்து, 1873-ல் கென்னல் கிளப் தோன்றிய காலத்தை ஒட்டி வரையறுக்கப்பட்டவை. ஊர் நாய்கள் அவற்றுக்கு நெடுங்காலம் முன்பே மனிதக் குடியிருப்புகளை அண்டி வாழ்ந்தவை. ஆப்பிரிக்க ஊர் நாய்களை ஆராய்ந்து 2009-ல் பாய்கோ குழுவினர் வெளியிட்ட கட்டுரை, பல இடங்களில் அவை மண்ணுக்குரிய தனி மரபைக் கொண்டவை என்றும், வெளிக்கலப்பு சில இடங்களில் மட்டுமே மிகுதி என்றும் காட்டியது. நீண்ட காலம் தாமே இணைதேடிப் பெருகிய நாய்கள் நடுத்தர அளவை ஒட்டியே அமைகின்றன. சிவாவாவின் குறுமையும் கிரேட் டேனின் பருமனும் மனிதத் தேர்வால் மட்டும் நிலைப்பவை. எனவே சீமை நாய்கள் அதிகம் புழங்காத ஊரில் பிறந்த நாட்டுக் குட்டிக்கு நடுத்தர அளவே எதிர்பார்க்கத்தக்கது. வளர்ப்பு லாப்ரடாரும் பொமரேனியனும் வெளியே சுற்றும் நகரத் தெருவில் பிறந்த குட்டிக்கு அந்த நம்பிக்கையைத் தர முடியாது. அங்கே எடைக் குறிப்புக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

இத்தனை மெனக்கெட வேண்டுமா, எவ்வளவு வளர்ந்தாலும் வளர்க்கத்தானே போகிறோம் என்று அன்புள்ளவர்கள் கேட்கலாம். அந்த அன்பு பெரிது. ஆனால் குட்டியின் எதிர்கால அளவு இன்றைய முடிவுகளையே மாற்றுகிறது. முதலாவது தீனி. நிறையப் போட்டால் பெரிதாக வளரும் என்பது பரவலான நம்பிக்கை. கூடுதல் தீனி வேகத்தைக் கூட்டும், கொழுப்பைக் கூட்டும். மரபு விதித்த எலும்பளவை மீறி நாயை வளர்த்துவிடாது. கிரேட் டேன் குட்டிகளுக்கு வேண்டுமளவு தீனியிட்டு ஹெட்ஹம்மர் குழுவினர் 1974-ல் வெளியிட்ட ஆய்வில், அளவாகத் தின்றவற்றைவிட அவற்றுக்கு எலும்புக் கோளாறுகள் மிகுந்தன. நம் வீடுகளில் பலர் அக்கறையோடு ஊற்றும் கால்சியம் டானிக்கும் இதே கதைதான். இளங்குட்டியின் குடல் தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் பெறாதது. பெரிய இனக் குட்டிகளில் மிகுகால்சியம் எலும்பு வளர்ச்சியைக் குலைப்பதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. இன்னொரு பக்கம், 48 லாப்ரடார்களைச் சோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாகத் தீனி கொடுத்து வாழ்நாள் முழுதும் கவனித்த ஆய்வு 2002-ல் வெளியானது. குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. குறைவாகத் தின்றவற்றின் மூட்டுகளும் நெடுநாள் நலமாக இருந்தன. பெரிதாகப்போகும் குட்டியை மெதுவாக வளரவிடுவதே அதற்குச் செய்யும் நன்மை. அது பெரிதாகப்போகும் குட்டி என்று தெரிந்தால்தான் அதைச் செய்ய முடியும்.

இரண்டாவது கருத்தடை. பருவமடையும் முன்பே கருத்தடை அறுவை செய்தால் வளர்ச்சித் தட்டுகள் மூடத் தாமதமாகி, கால் எலும்பு சற்றுக் கூடுதலாக நீள்கிறது. கலப்பின நாய்களை எடைவாரியாக 5 பிரிவாக்கி, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. முழு எடை 20 கிலோவுக்கு மேல் வளரும் நாய்களுக்கு ஓராண்டுக்குள் கருத்தடை செய்தபோது மூட்டு நோய்கள் கூடின. அதற்கும் சிறிய நாய்களில் அந்த ஆபத்து தென்படவில்லை. ஆக, 6 மாதக் குட்டியோடு மருத்துவரிடம் போகிறவர், இது 15 கிலோவில் நிற்குமா 28 கிலோவுக்குப் போகுமா என்று முன்கூட்டியே அறிந்திருப்பது அறுவையின் நாளையே தீர்மானிக்கலாம். இது காவலில் வளரும் வீட்டு நாய்க்குச் சொல்வது. தெருவில் திரியும் நாய்களுக்கு, பெருக்கத்தைத் தடுக்கும் தேவையே முன்நிற்கும்.

மூன்றாவது, வாக்குறுதி. சிறியதாக இருக்கும் என்று நம்பி அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொண்டுவந்த குட்டி, எட்டாம் மாதத்தில் கதவளவு நீண்டுவிட்டது என்று தெருவில் விடப்படும்போது குற்றம் குட்டியின் மீது இல்லை. ‘இது பெரிதாகாது’ என்று ஒற்றைப் பார்வையில் சொன்ன உறுதியும், அதை நம்பிய அவசரமும்தான் காரணம். கணிப்பு தவறலாம் என்பதை ஏற்றுக்கொண்ட கணிப்பே பொறுப்பான கணிப்பு. 12 வாரத்தில் ‘10 முதல் 18 கிலோ’ என்று சொல்லி, 20 வாரத்தில் ‘12 முதல் 15’ என்று குறுக்குபவர் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவில்லை. தெரிந்ததை, தெரிந்த அளவுக்குச் சொல்கிறார்.

ஆகவே குட்டி வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசோ, குட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்களே ஏறி நின்று உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளும் தராசோ போதும். தேதியையும் எடையையும் எழுதிவையுங்கள். தடுப்பூசிக்குப் போகும்போது அந்தத் தாளைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தீனி, கால்சியம், கருத்தடை ஆகிய மூன்றையும் அந்தத் தாளை வைத்துப் பேசுங்கள். குட்டியை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று முடிவெடுக்கும்போது வரம்பின் மேல் எல்லையை மனதில் வையுங்கள். அந்த அளவுக்கு வளர்ந்தாலும் இதற்கு இங்கே இடமுண்டு என்று சொல்ல முடிந்தால் மட்டும் அழைத்து வாருங்கள்.